மாடித் தோட்டமும் மண்ணின் கடனும்

காய்கறி விளைவிப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, இலாபப் பிரிவினையும் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னர், உறுப்பினர்கள் தத்தம் குறைகளை எடுத்துரைக்கலாம் என்று தலைவர் அறிவித்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பட்டணத்திலே எல்லாரும் மொட்டை மாடியில் காய்கறி போடுகிறார்களாம். சர்க்காரும் பையும் விதையும் கொடுக்கிறதாம். அவரவர் வீட்டில் அவரவரே விளைத்துக்கொண்டால் எங்கள் காயை யார் வாங்குவது? இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால், கேட்டவர் சிரிக்கவில்லை.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகிவிடாது" என்று சொல்லி அமர்ந்துவிட்டேன். உழைத்து உண்பவன் ஒருவன் தன் பிழைப்பைப்பற்றி வினவும்பொழுது அது போதிய விடை ஆகாது. மேலும், நகரத்தில் வீட்டுத் தோட்டம் போடுவோர் ஒருபுறம் அதனால் உலகமே தூய்மை பெற்றுவிடும் என்று பேசுகின்றனர். மறுபுறம் விளைவிப்போர் தம் சந்தை பறிபோகும் என்று அஞ்சுகின்றனர். இருசாராரும் தோட்டத்தில் விளையும் காயையே எண்ணிப் பார்க்கின்றனர். என் கருத்து வேறு. நகர வீட்டுத் தோட்டத்தால் சுற்றுப்புறத்திற்கு விளையும் நன்மை அது தரும் காயில் இல்லை. அது வாங்கிக்கொள்ளும் கழிவில்தான் இருக்கிறது. இதனை விளக்கவே இக்கட்டுரை.

அச்சத்திற்கு இடமுண்டா?

முதலில் முதியவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி என்று குறைத்தே கணக்கிட்டாலும், நால்வர் வாழும் குடும்பத்திற்கு மாதம் 36 கிலோ வேண்டும். மாடியில் இருபது பைகளோ தொட்டிகளோ வைத்துப் பயிரிடும் குடும்பம், கீரையும் மிளகாயும் கொஞ்சம் வெண்டையும் கத்தரியும் எடுக்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, காரட், பூசணி ஆகியவற்றுக்கு அது கடைக்குத்தான் வரவேண்டும். வாடகை வீட்டில் இருப்போர்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுத்தளத்தில் வாழ்வோர்க்கும் மாடியே உரிமையில்லை. ஆகவே, நகரம் தனக்கு வேண்டிய காய்கறியைத் தானே விளைத்துக்கொள்ளும் என்பது நடவாத காரியம்.

இதற்கு வரலாறும் சான்று பகர்கின்றது. இரண்டாம் உலகப்போரின்பொழுது, 1943ஆம் ஆண்டளவில், அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் போடப்பட்டன. அந்நாட்டில் உண்ணப்பட்ட பச்சைக் காய்கறியில் ஐந்தில் இரண்டு பங்கு அவற்றினின்று கிடைத்ததாக மதிப்பிட்டனர். போர் முடிந்ததும் அத்தோட்டங்களுள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. சோவியத் ஒன்றியம் 1991ஆம் ஆண்டு கலைந்த பின்னர், எண்ணெயும் உரமும் வரத்துக் குன்றிய கியூபா நாட்டின் அவானா நகரில், வெற்று மனைகளிலெல்லாம் பாத்தி கட்டிக் கீரையும் காயும் விளைத்தனர். ஆதலின், நகரத்தார் பெருமளவில் பயிரிட முனைவது முடை வந்த காலத்தில்தான். முடை நீங்கியபின் சந்தையை நாடுவதே மக்கள் இயல்பு.

நம் சென்னையிலும் அத்தகைய முடை ஒன்றைக் கண்டோம். 1996ஆம் ஆண்டு முதல் நகருக்குக் காய்கறி ஊட்டிவரும் கோயம்பேடு அங்காடி, நோய்த்தொற்றின் காரணமாக 2020 மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. வாணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மீண்டும் தொடங்கியது. அந்நாட்களில் மாடியில் நாலு தொட்டி வைத்திருந்தவர் வீட்டில் குழம்புக்குக் கறிவேப்பிலையும் கடைசலுக்குக் கீரையும் தட்டின்றிக் கிடைத்தன. ஆனால், அவரும் வெங்காயத்திற்கு வரிசையில் நின்றார். வீட்டுத் தோட்டம் துணை. அதுவே வயலுக்கு மாற்று அன்று.

தூரக் கணக்கும் அதன் குறையும்

இனி நகரத்தாரின் நம்பிக்கையை ஆராய்வோம். மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் தக்காளி, நீலகிரியிலிருந்து காரட், நாசிக்கிலிருந்து வெங்காயம் என்று நெடுந்தூரம் லாரியேறி வரும் காய்களுக்கு எவ்வளவு டீசல் எரிகின்றது. அதனை வீட்டிலேயே விளைத்தால் அத்தனை புகையும் மிச்சமன்றோ என்பது அவர்கள் கூறும் காரணம். கேட்பதற்கு இது முறையாகவே தோன்றுகின்றது. ஆயினும், லாரியொன்றில் ஒரே நேரத்தில் பத்து டன் காய் வருகின்றது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அத்தனை கிலோவிற்கும் பகுத்தால், ஒரு கிலோவின் பங்கிற்கு விழும் புகை நாம் நினைக்கும் அளவு பெரிதன்று.

2024ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்த ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. பிரான்சு, செருமனி, போலந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 73 நகரத் தோட்டங்களையும் பண்ணைகளையும் அவர்கள் கணக்கெடுத்தனர். நகரத்தில் விளைந்த உணவில் ஒரு வேளைக்குரிய பங்கிற்கு 420 கிராம் கரியமில வாயுவிற்கு ஈடான மாசு. வயலில் விளைந்ததற்கு 70 கிராம்தான். அதாவது, நகர விளைச்சலுக்கு ஆறு மடங்கு! காரணம் யாதெனில், பாத்திக்குக் கட்டிய சட்டம், கொட்டகை, பாதை முதலியவற்றை ஆக்குவதற்கு ஆன செலவே. அவற்றைச் சில ஆண்டுகள் மட்டும் பயன்படுத்திக் கைவிட்டால், விளைந்த சிறிதளவு காயின் தலையில் அச்செலவு முழுவதும் வந்து விழுகின்றது.

நம் நாட்டு மாடிகள் அவ்வாய்வில் இடம்பெறவில்லை; ஆகவே அந்த எண்களை அப்படியே நமக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஆனால் அதன் உட்பொருள் நமக்கும் உரியது. தோட்டக்கலைத் துறையார் 2013ஆம் ஆண்டு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பை, தென்னைநார்க் கழிவு, விதை ஆகியவற்றைத் தொகுத்து வழங்கத் தொடங்கினர். அதனால் ஆர்வம் பரவியது நன்மையே. எனினும், ஒரு பருவம் பயிரிட்டபின் வெயிலில் நைந்து கிழிந்த பிளாஸ்டிக் பைகள் எத்தனை மாடிகளின் மூலையில் குவிந்து கிடக்கின்றன! புதுப் பை, புதுத் தட்டு, பச்சை வலை, குழாய், புட்டியில் அடைத்த ஊக்க மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவிட்டு நாலு கிலோ வெண்டைக்காய் எடுப்பவர் சுற்றுப்புறத்திற்கு நன்மை செய்யவில்லை. கடைக்காரருக்குத்தான் நன்மை செய்தார். அதே ஆய்வாளர்கள், போட்ட கட்டுமானத்தை நெடுநாள் காப்பதும், நகரக் கழிவையே தோட்டத்திற்கு உணவாக்குவதும் இக்குறையைப் போக்கும் வழிகள் என்றும் கூறியிருக்கின்றனர். உண்மையான பயன் அங்கேதான் இருக்கின்றது.

திரும்பாத சத்து

நிலத்தில் விளையும் ஒவ்வொரு காயும் மண்ணின் சத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே செடியைவிட்டுப் பிரிகின்றது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மூட்டையாகக் கட்டப்பட்டு நாள்தோறும் நகரத்திற்கு ஏறுகின்றன. பண்டைக் கிராமத்தில் உண்டது போக எஞ்சிய தோலும் தொலியும் மாட்டுக்குச் சென்றன. மாட்டுச் சாணம் எருக்குழிக்குச் சென்றது. எரு வயலுக்குத் திரும்பியது. நகரத்திற்குச் சென்ற சத்து திரும்புவதில்லை. அதனை ஈடுசெய்ய விவசாயி மூட்டை மூட்டையாக உரம் வாங்குகிறார். சாம்பல்சத்து உரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருவது. இங்கு வாழைத்தோலைக் குப்பையில் எறிந்துவிட்டு, அங்கிருந்து சாம்பல்சத்தை விலைக்கு வாங்குகிறோம். கணக்குத் தணிக்கை செய்பவன் கண்ணுக்கு இது பெருங்குறையாகவே படுகின்றது. வாங்கிய கடனைத் திருப்பாத உறுப்பினர்மேல் சங்கம் நடவடிக்கை எடுக்கின்றது. மண்ணிடம் வாங்கிய கடனைத் திருப்பாத நகரத்தின்மேல் நடவடிக்கை எடுப்பவர் எவர்?

சத்து திரும்பாதது மட்டுமன்று. போன இடத்தில் நஞ்சாகவும் மாறுகின்றது. சென்னை மாநகரில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பை சேர்கின்றது. அதில் பெரும்பகுதி மட்கும் பொருள். அது காற்றுப் புகாத குப்பை மேட்டின் அடியில் அழுகும்பொழுது மீத்தேன் என்னும் வாயு பிறக்கின்றது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வலியது. எரியும் இயல்பும் உடையது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்து, சுற்றிலும் வாழ்ந்தோரை மூச்சுத் திணற வைத்தது. அக்கிடங்கோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. அதே 2022ஆம் ஆண்டில்தான் அச்சதுப்பு நிலம் உலகச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஒரு பக்கம் பறவைகள் வந்திறங்கும் நீர்நிலை. மறுபக்கம் நாம் எறிந்த தோலும் காம்பும் அழுகும் மலை!

இக்குப்பையை வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காக் குப்பை என்று பிரித்துத் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் விதித்தன. விதி வந்தது, பழக்கம் வர நாளாகின்றது. என் அனுபவத்தில், குப்பையைத் தவறாது பிரித்து வைக்கும் வீடுகள் பெரும்பாலும் நாலு செடி வளர்க்கும் வீடுகளே. காரணம் வெளிப்படை. செடி இல்லாத வீட்டில் காய்த்தோல் குப்பை. செடி உள்ள வீட்டில் அது எரு.

இதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் ஆளொன்றுக்கு ஆண்டொன்றில் வீட்டு உணவுக்கழிவு 55 கிலோ என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. நால்வர் குடும்பத்திற்கு ஆண்டிற்கு 220 கிலோ. நாளொன்றுக்கு 600 கிராம். துளையிட்ட மண்பானையிலோ பழைய வாளியிலோ காய்ந்த இலையும் கழிவும் மாறி மாறி இட்டுக் கிளறி வந்தால், இரண்டு மூன்று திங்களில் அது மட்கிவிடும். எடையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். 55 கிலோ எரு இருபது தொட்டிகளுக்கு ஆண்டு முழுவதும் பாங்காகப் போதும். அவ்வீட்டினர் மாதம் இரண்டு கிலோ கீரையே எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீரைக் கணக்கில் அது அற்பம். குப்பைக் கணக்கிலோ 220 கிலோ கிடங்கிற்குச் செல்லாமல் நின்றது. ஆயிரம் வீடுகள் இதைச் செய்தால் ஆண்டொன்றுக்கு 220 டன். காய்கறித் தோட்டம் என்பதைவிட எருத் தோட்டம் என்றே இதனைச் சொல்லலாம்.

பிற நன்மைகள்

எதனைப் பயிரிடுவது என்பதிலும் சிந்தனை வேண்டும். தொலைவு தாங்காத பயிர்களே வீட்டிற்கு ஏற்றவை. கீரை விடியற்காலையில் பறிக்கப்பட்டு, நண்பகலுக்குள் வாடி, மாலையில் மாட்டுக்குப் போகின்றது. புதினாவும் கொத்தமல்லியும் அவ்வாறே. பத்துக் கட்டில் மூன்று கட்டு வீணானால், அம்மூன்றுக்கும் இறைத்த நீரும் இட்ட உரமும் வீண். சிறுகீரை விதைத்த 25 நாட்களில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். பொன்னாங்கண்ணியும் புதினாவும் கடையில் வாங்கிய கட்டின் தண்டை ஊன்றினாலே துளிர்விடும். கொடிப்பசலை கம்பியழியைப் பற்றிக்கொண்டு ஏறும். வேண்டியபொழுது வேண்டிய அளவு பறித்தால் வீண் என்பதே இல்லை. கட்டிவைக்கப் பிளாஸ்டிக் பையும் வேண்டியதில்லை. வெங்காயத்தையும் கிழங்கையும் வயலுக்கே விட்டுவிடலாம்; அவற்றைத் தொட்டியில் விளைப்பது நீருக்கும் உழைப்புக்கும் நட்டம்.

வெப்பத்தைப்பற்றியும் சிறிது கூறவேண்டும். சிமெண்டுத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அதை உமிழ்கின்றது. மாடியின் கீழ் உறங்குவோர் சித்திரையில் இதனை நன்கறிவர். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். இலைகள் நீரை ஆவியாக்கும்பொழுது அவ்வெப்பத்தைச் சூழலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இருபது தொட்டிகளால் மாடி முழுவதும் குளிர்ந்துவிடும் என்று நான் கூறேன். ஆனால், அவரையோ பீர்க்கோ பந்தலேற்றினால் பந்தலின் கீழுள்ள தளத்தில் வெயில் விழாது. நம் முன்னோர் முற்றத்தில் பந்தலிட்டதும் இக்காரணத்தாலேயே. தெரு முழுவதும் அவ்வாறு செய்யின் தெருவே பயனடையும்.

இவற்றினும் பெரிதாக ஒன்றை நான் மதிக்கின்றேன். தானே ஒரு கத்தரிச் செடி வளர்த்தவர், காய்ப்புழுவின் கொடுமையைக் கண்ணால் காண்கிறார். மருந்தடிக்காத செடியில் பத்துக் காயில் மூன்று சொத்தையாவது இயற்கை என்பதை உணர்கிறார். பூசணிப் பூவைத் தேனீ தீண்டாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்வதைப் பார்த்தபின், மருந்துத் தெளிப்பால் தேனீ மடிவது அவருக்குச் செய்தித்தாள் செய்தியாக மட்டும் தோன்றாது. இன்று விவசாயி அளவு மீறி மருந்தடிப்பதற்கு ஒரு காரணம், சிறு புள்ளியும் இல்லாத பளபளப்பான காயையே நகரத்தார் பொறுக்கி எடுப்பது. தோட்டம் போட்ட நகரத்தார் புள்ளி விழுந்த காயை வெறுக்கமாட்டார். கிலோவிற்கு இரண்டு ரூபாய் மிகுதியாகக் கேட்டாலும் காரணம் அறிவார். அத்தகைய வாடிக்கையாளர் விவசாயிக்குப் பகைவர் ஆவரோ?

கவனிக்க வேண்டியவை

நன்மை கருதித் தொடங்கியது தீமையாகாதிருக்கச் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்றே கட்டடக் கணக்கில் பொதுவாகக் கொள்வர். நனைந்த மண் அரையடி உயரத்திற்குப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 250 கிலோவைக் கடந்துவிடும். ஆதலின் மாடியில் மண்ணைப் பரப்பிப் பாத்தி கட்டலாகாது. தென்னைநார்க் கழிவும் எருவும் கலந்த எடை குறைந்த கலவையைத் தொட்டிகளில் இட்டு, சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வைப்பதே முறை. தொட்டியின் அடியில் செங்கல் வைத்துத் தளம் காயவிட வேண்டும். இல்லையேல் கசிவு ஏற்பட்டு, அதைச் சீர்செய்யும் செலவில் பத்தாண்டுக்குக் காய் வாங்கிவிடலாம்.

அடுத்தது நீர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்துடன் நின்றதை மறத்தல் இயலாது. குடிநீரை ஊற்றிச் செடி வளர்ப்பது பெருமைக்குரியதன்று. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் தோட்டத்திற்குப் போதுமானவை. சோப்பு நீரைக் கீரைக்கு ஊற்றாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடுதல் நன்று. கிணற்றடியில் வாழை வைத்த நம் பாட்டிமார் இதனை எவரிடமும் கற்றதில்லை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் அங்கே கொசு பெருகும். வாரம் ஒருமுறையேனும் அதைக் கவிழ்த்துக் காயவிடாத தோட்டம் தெருவிற்கே காய்ச்சலைக் கொடுக்கும். தொட்டிக்குப் புதுப் பை வாங்குவதற்கு முன், உடைந்த குடமும் பழைய வாளியும் எண்ணெய் டின்னும் வீட்டில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

நெசவாள அன்பர்களுக்கு ஒரு சொல். நீங்களும் பெரும்பாலும் நகரவாசிகளே. குழித்தறியில் பகலெல்லாம் அமர்ந்து உழைக்கும் குடும்பத்திற்குப் பின்கட்டில் ஒரு முருங்கையும் கூரைமேல் ஒரு சுரைக்கொடியும் கூலிக்கு மேற்பட்ட வரும்படி ஆகும். அறுந்த நூலும் பருத்திக் கிழிசலும் செடியைக் கட்டவும் மண்ணை மூடி ஈரம் காக்கவும் உதவும். பிளாஸ்டிக் கயிற்றைப்போல் அவை மண்ணில் என்றென்றும் கிடப்பதில்லை. நைந்த பருத்திப் புடவை கோடை நிழலுக்குப் பச்சை வலையைவிட மேலானது. ஆனால், சாயத்தொட்டி நீரை ஒருபொழுதும் செடிக்கு ஊற்றாதீர்கள். துத்தம் முதலியன கலந்த பாவுக்கஞ்சியும் ஆகாது. சாயநீர் மண்ணில் சேர்ந்தால் என்னாகும் என்பதை நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகள் அறிவர். அவர்கள் பட்ட துன்பம் நீதிமன்றம் வரை சென்று, 2011ஆம் ஆண்டு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. பெரிய ஆற்றுக்கு நேர்ந்தது சிறு தொட்டிக்கும் நேரும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இதில் கூட்டுறவின் கடமை யாது? நகர நுகர்வோர் கூட்டுறவு நமக்குப் புதிதன்று. திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டே அது வேரூன்றிவிட்டது. 2013ஆம் ஆண்டு கூட்டுறவுத் துறையார் பண்ணை பசுமைக் கடைகளைத் திறந்தனர். 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபொழுது கூட்டுறவுக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கப்பட்டதை இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். இக்கடைகளையும் கிராமத்து விற்பனைச் சங்கங்களையும் வீட்டுத் தோட்டத்தால் இணைக்க முடியும் என்பது என் எண்ணம்.

முதலாவது, கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளையும் கீரை விதையையும் விவசாயிகள் சங்கமே உருவாக்கி, நகரக் கூட்டுறவுக் கடை வழியே விற்கலாம். பளபளக்கும் உறையில் அடைத்த விதைக்கு நகரத்தார் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நம் உறுப்பினர் கைக்கு வரட்டும். நாட்டு விதைகளும் காக்கப்படும். காய்க்குச் சந்தை குறையும் என்று அஞ்சிய இடத்தில் நாற்றுக்குப் புதுச்சந்தை பிறக்கும்.

இரண்டாவது, தோட்டம் போட இடமற்ற வீடுகளும் கழிவைப் பிரித்துத் தரலாம். அதனை மட்கச் செய்யும் பொறுப்பைத் தெருவாரியாக ஒரு சிறு குழுவினர் ஏற்கலாம். காய்கறி இறக்கிய லாரி வெறும் பெட்டிகளுடன் ஊர் திரும்புகின்றதே, அதில் அந்த எரு ஏறட்டும். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த நகர எருவை வயலில் இட்டுக் காலைக் கிழித்துக்கொண்ட விவசாயிகள் தயங்குவது இயற்கை. ஆகவே, வீட்டிலேயே தூய்மையாகப் பிரித்த கழிவின் எருவை மட்டுமே சங்கம் ஏற்கவேண்டும். ஒவ்வொரு சுமையையும் சலித்துப் பார்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது, நெசவாளர் சங்கங்கள் பருத்திக் காய்கறிப் பைகளையும் நிழல் துணிகளையும் நெய்து அதே கடைகளில் வைக்கலாம். ஒரே கடையில் விவசாயியின் நாற்றும், நெசவாளரின் துணியும், நகரத்தாரின் எருவும் கைமாறுமாயின், கூட்டுறவு என்னும் சொல்லுக்கு அதனினும் விளக்கம் வேண்டுமோ?

இவை எளிதில் நடந்துவிடும் என்று நான் கருதவில்லை. எரு ஏற்றுக்கூலி தாங்குமா, நாற்று வாடாமல் சேருமா, கணக்கு எவர் எழுதுவது என்ற கேள்விகள் எழும். ஒரு கடை, ஒரு சங்கம், ஐம்பது வீடுகள் என்று சிறிதாகத் தொடங்கி ஓராண்டுக் கணக்கைப் பார்த்தபின் விரிவாக்கலாம். நட்டமெனின் நட்டம் என்று எழுதி வைத்தலே நேர்மை.

அம்முதியவரின் கூட்டம் அடுத்த ஆண்டும் நடைபெறும். அப்பொழுது அவருக்கு நான் சொல்ல விழைவது இதுதான்: "ஐயா, பட்டணத்தார் உங்கள் காயை வாங்குவதை நிறுத்தப்போவதில்லை. இவ்வளவு நாளும் காயை வாங்கிக்கொண்டு மண்ணின் சத்தைத் திருப்பித் தராமல் இருந்தார்கள். இப்பொழுது சிலர் மாடியில் அதைத் திருப்பும் வித்தையைப் பழகுகிறார்கள். அவர்களை விரட்டாதீர்கள், நாற்றைக் கொடுத்து எருவைக் கேளுங்கள்." இவ்விடையை அவர் ஏற்பாரா என்பது, அதற்குள் ஒரு லாரி எருவாவது அவர் ஊர் வந்து சேர்கின்றதா என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு லாரியை அனுப்பும் பொறுப்பை நகரத்துச் சங்கங்களுள் ஒன்றேனும் இவ்வாண்டு ஏற்க முன்வருமாக.